வீடுகளே போர்க்களமான வாரம்: ஓர்த்தோனாவும் வில்லா கிராந்தேயும், 1943

போர்களின் வரலாறு பெரும்பாலும் வரைபடத்தைத் துணைக்கொண்டே எழுதப்படுகிறது. ஆறுகளும் மலைத்தொடர்களும் நெடுஞ்சாலைகளும் அதில் குறிக்கப்பெறுகின்றன. அவற்றின் மீது அம்புக்குறிகள் நீள்கின்றன. ஒரு படை முன்னேறியது, மற்றொன்று பின்வாங்கியது என்று சொல்லி வரலாறு அடுத்த அத்தியாயத்திற்குச் சென்றுவிடுகிறது. எனினும் காலாட்படை ஓர் ஊருக்குள் நுழைந்துவிட்ட பின்னர் அந்த வரைபடத்தால் யாதொரு பயனும் இல்லை. அங்கே அளவுகோல் மைல் அன்று, சுவர். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் செல்வதே முன்னேற்றம். அடுக்களையும் மாடிப்படியும் தானியக் கிடங்கும் காவலரண்களாகின்றன. குடியிருப்பதற்கென்று மனிதன் கட்டியவை யாவும் கொல்வதற்கான கருவிகளாகின்றன.

இத்தகைய போரின் இயல்பை அறிந்துகொள்ள, இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் கிழக்குக் கரையில் நிகழ்ந்த இரு சண்டைகளை இங்கு நோக்குவோம். அவை இரண்டும் 1943ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஏறக்குறைய ஒரே வேளையில் நிகழ்ந்தவை. ஒன்று ஓர்த்தோனா என்னும் துறைமுகப் பட்டினத்தில் கனடியப் படையினர் நடத்தியது. மற்றது வில்லா கிராந்தே என்னும் சிற்றூரில் இந்தியப் பிரிகேடு ஒன்று நடத்தியது. முன்னது 'குட்டி ஸ்டாலின்கிராட்' என்று உலகெங்கும் பெயர் பெற்றது. பின்னதன் பெயரைப் போர் வரலாற்றில் தோய்ந்தவர்களன்றிப் பிறர் அறியார். இவ்வேறுபாடு எதனால் விளைந்தது? அவ்விரு ஊர்களும் உண்மையில் யாருக்குத் தேவைப்பட்டன? அவற்றின் விலையைச் செலுத்தியவர் யாவர்? இவ்வினாக்களே நம் கட்டுரையின் பொருள்.

மன்னர் கப்பலேறிய துறைமுகம்

1943 ஜூலையில் நேசநாட்டுப் படைகள் சிசிலித் தீவில் இறங்கின. அம்மாத இறுதிக்குள் முசோலினி பதவியிழந்தார். செப்டம்பர் 8ஆம் நாள் இத்தாலி சரணடைந்த செய்தி அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வெளிவந்த கையோடு ஜெர்மானியப் படைகள் உரோம் நகரை நோக்கி விரைந்தன. மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மன்னரும் அவர்தம் அரசின் தலைவர்களும் தலைநகரை விட்டு வெளியேறி, மலைகளைக் கடந்து அட்ரியாட்டிக் கரையை அடைந்தனர். அங்கே போர்க்கப்பல் ஒன்றில் ஏறித் தெற்கே பிரிண்டிசி நகருக்குத் தப்பிச் சென்றனர். தம் படைக்குத் தெளிவான ஆணை எதனையும் அவர்கள் விட்டுச் செல்லவில்லை. குடிமக்களுக்கு எவ்விதப் பாதுகாப்பும் செய்து வைக்கவில்லை. மன்னர் கப்பலேறிய அத்துறைமுகம் ஓர்த்தோனாவே ஆகும்.

அக்காலத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வாழ்ந்த பட்டினம் அது. கடலை நோக்கிய குன்றின்மேல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய வீடுகள் ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொண்டு நெருங்கி நின்றன. தமிழராகிய நமக்கு அவ்வூரோடு எதிர்பாராத தொடர்பும் ஒன்று உண்டு. மயிலாப்பூரில் உயிர்துறந்ததாகக் கிறிஸ்தவ மரபு கூறும் புனித தோமாவின் திருப்பண்டங்கள் கிரேக்கத் தீவாகிய கியோஸிலிருந்து 1258ஆம் ஆண்டில் ஓர்த்தோனாவுக்குக் கொண்டுவரப்பட்டன என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. அங்குள்ள பேராலயம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மன்னர் சென்ற மூன்று திங்களில் போர் அவ்வூரின் வாயிலுக்கு வந்துவிட்டது. பிரித்தானிய எட்டாவது இராணுவத்தின் தளபதி மாண்ட்கோமரி கிழக்குக் கரையோரமாக முன்னேறிப் பெஸ்காரா நகரைப் பிடிக்கவும், அங்கிருந்து மேற்கே திரும்பி உரோமை அணுகவும் திட்டமிட்டிருந்தார். மலையிலிருந்து கடலுக்கு ஓடிவரும் ஆறுகள் பல அவ்வழியில் குறுக்கிட்டன. சாங்க்ரோவைக் கடந்தால் மோரோ. மோரோவைக் கடந்தால் வேறு ஓடைகளும் பள்ளத்தாக்குகளும். ஒவ்வோர் ஆற்றுக்கும் அப்பால் ஒரு மேடு. மேட்டின்மேல் ஓர் ஊர். ஜெர்மானியர் அவ்வூர்களையே தம் அரண்களாக்கிக் கொண்டனர். குளிர்கால மழை நிலத்தைச் சேறாக்கியமையால் டாங்கிகளும் பீரங்கிகளும் சாலைகளை விட்டு விலக இயலவில்லை. சாலைகளோ ஊர்களின் ஊடே சென்றன. ஆகவே ஊர்களுக்குள் புகுந்து போரிடும் கடமை காலாட்படையின்மேல் வந்து விழுந்தது.

மொத்ஸக்ரோன்யாவில் கிடைத்த பாடம்

இக்களத்தில் ஈடுபட்ட படைகளுள் எட்டாவது இந்திய டிவிஷனும் ஒன்று. ஈராக்கிலும் ஈரானிலும் சிரியாவிலும் பணியாற்றியபின் 1943 செப்டம்பரில் தாரந்தோ துறைமுகத்தில் வந்திறங்கிய படை அது. அதன் தளபதி டட்லி ரஸ்ஸல் 'பாஷா' என்னும் செல்லப்பெயரால் அறியப்பட்டவர். டிவிஷனின் ஒவ்வொரு பிரிகேடிலும் ஆங்கிலேயப் பட்டாலியன் ஒன்றும் இந்திய அல்லது கூர்க்காப் பட்டாலியன்கள் இரண்டும் இருந்தன. எல்லைப்புறப் படையணிகள் போன்றவற்றில் ஒரே பட்டாலியனுக்குள் பஞ்சாபி முஸ்லிம்களும் பத்தான்களும் சீக்கியரும் டோக்ராக்களும் கம்பெனி வாரியாகப் பிரிந்து பணியாற்றினர். அவரவர் சமயத்திற்கேற்ற உணவு முறையும் வழிபாடும் போற்றப்பட்டன. களத்தில் அவர்கள் ஒரே சுவரின் மறைவில் நின்றனர்.

இவர்கள் இத்தாலிக்கு வந்த சூழ்நிலையையும் நாம் மறத்தலாகாது. 1939 செப்டம்பரில் இந்திய மக்களின் பிரதிநிதிகளைக் கலந்துகொள்ளாமலேயே வைசிராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தினார். 1942 ஆகஸ்டில் காங்கிரஸ் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். நாம் பேசும் அதே 1943ஆம் ஆண்டில் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தால் மாண்டனர். தம் நாட்டில் கிட்டாத விடுதலையைப் பிறர் நாட்டில் நிலைநாட்டுமாறு பணிக்கப்பட்டவர்கள் இச்சிப்பாய்கள். ஊதியம், குடும்ப மரபு, ஊரின் மானம், படையணியின் பெயர் எனப் பல காரணங்கள் அவர்களைப் படைக்குக் கொண்டுவந்திருந்தன. போர் முடிவதற்குள் இந்தியப் படையின் எண்ணிக்கை 25 இலட்சத்தை எட்டியது. அத்துணைப் பேரும் கட்டாய ஆட்சேர்ப்பின்றித் தாமாகவே சேர்ந்தவர்கள்.

1943 நவம்பர் 27ஆம் நாள் இரவு, சாங்க்ரோ ஆற்றைக் கடந்து மேட்டின்மேல் அமைந்த மொத்ஸக்ரோன்யா என்னும் ஊரைத் தாக்கும் பொறுப்பு இந்த டிவிஷனின் 17ஆம் பிரிகேடுக்கு அளிக்கப்பட்டது. 5ஆம் ராயல் கூர்க்காப் படையணியின் பட்டாலியன் ஒன்று இருளில் ஊருக்குள் புகுந்து வீடுவீடாகப் போரிட்டது. 12ஆம் எல்லைப்புறப் படையணியின் பட்டாலியனும் இச்சண்டையில் பங்கேற்றது. கையெறி குண்டுகளையும் குக்ரிக் கத்திகளையும் கொண்டு ஊரின் பெரும்பகுதியைப் பிடித்தனர். ஆனால் ஊருக்கு வரும் வழியில் புதைக்கப்பட்டிருந்த கண்ணிவெடிகளும் வெட்டப்பட்டிருந்த பள்ளங்களும் பின்னால் வரவேண்டிய டாங்கிகளைத் தடுத்துவிட்டன. விடியும் வேளையில் ஜெர்மானியர் தீயை உமிழும் கவச வண்டிகளோடு எதிர்த்தாக்குதல் தொடுத்தனர். துப்பாக்கியும் கையெறி குண்டும் மட்டுமே கொண்டிருந்தவர்களால் அவற்றை எதிர்த்து நிற்க முடியவில்லை. பிடித்த ஊரை விட்டு அவர்கள் வெளியேற நேர்ந்தது. மறு இரவு மீண்டும் தாக்கினர். அதன் பின்னரே ஊர் அவர்கள் வசமாயிற்று.

இச்சண்டை உணர்த்திய பாடம் தெளிவானது. ஓர் ஊரைப் பிடிப்பது வேறு. அதைத் தக்கவைத்துக்கொள்வது வேறு. வீட்டுக்குள் இருப்பவனுக்குச் சுவர் துணை நிற்கும். தெருவில் நிற்பவனுக்குத் துணை ஏதுமில்லை. ஒரு வீட்டைப் பிடிக்க இழந்த உயிர்கள், அடுத்த வீட்டுக்கு வந்ததும் கணக்கில் வாரா. அங்கே எல்லாவற்றையும் மறுபடியும் தொடக்கத்திலிருந்தே செய்தாக வேண்டும்.

எலிவளை முறை

டிசம்பர் முதல் வாரத்தில் எட்டாவது இராணுவம் மோரோ ஆற்றை அடைந்தது. அங்கும் பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில் இப்பாலான கரையில் பாலக் கட்டுமானத்தை ஒழுங்குபடுத்தப் போதிய இடமில்லை. ஆகவே இந்தியப் பொறியியற் படையினர் கருவிகளை எதிர்க்கரைக்குக் கொண்டுசென்று, பகைவரின் பக்கத்திலிருந்து தம் பக்கம் நோக்கிப் பாலத்தைக் கட்டி முடித்தனர். 'இயலாப் பாலம்' என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. ஹிஜ்ரி 1362ஆம் ஆண்டின் ஹஜ்ஜுப் பெருநாள் ஏறக்குறைய இந்நாட்களிலேயே வந்து சென்றது.

கடலோரமாக முன்னேறிய முதலாவது கனடிய டிவிஷன் டிசம்பர் 20ஆம் நாள் ஓர்த்தோனாவின் விளிம்பை எட்டியது. ஜெர்மானியர் ஊரைக் கைவிட்டு வடக்கே விலகிவிடுவர் என்றே நேசநாட்டார் எதிர்பார்த்தனர். துறைமுகத்தையும் வீடுகளையும் தாமே பயன்படுத்திக்கொள்ளலாம் என்னும் எண்ணத்தால் ஊரைப் பெரிதும் குண்டுவீசித் தகர்க்காமலும் விட்டிருந்தனர். ஆனால் உள்ளே காத்திருந்தவர்கள் முதலாவது பராசூட் டிவிஷனைச் சேர்ந்தவர்கள். ஜெர்மானியப் படையில் மிகச் சிறந்த பயிற்சி பெற்ற காலாட்படையினர் அவர்கள்.

அவர்கள் வகுத்த திட்டம் கொடியது, ஆயின் எளிது. பக்கத் தெருக்களின் இருமருங்கிலும் இருந்த வீடுகளை வெடிவைத்துச் சாய்த்து, இடிபாடுகளால் அத்தெருக்களை அடைத்தனர். ஊரின் முதன்மைச் சாலையாகிய கோர்ஸோ விட்டோரியோ இம்மானுவேலேயை மட்டும் ஓரளவு திறந்துவைத்தனர். அவ்வழியே வருவோர் நகர்மன்றச் சதுக்கத்தை அடையும்போது எல்லாப் புறங்களிலிருந்தும் இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களை எதிர்கொள்ளும். இடிபாட்டுக் குவியல்களுக்குள் கண்ணிவெடிகள் மறைந்திருக்கும். தெருவின் ஒருபுறத்து வீடுகளின் முகப்புச் சுவர்களை இடித்து, எதிர்ப்புறத்திலிருந்து அவ்வீடுகளின் உட்பகுதி தெரியுமாறு செய்திருந்தனர். புனித தோமா பேராலயத்தின் கோபுரத்தையும் அவர்கள் வெடிவைத்துத் தகர்த்தனர். பேராலயத்தின் பெரும்பகுதி அதனோடு சரிந்தது.

தெருவில் இறங்கினால் இறப்பு உறுதி என்பதைக் கனடியப் படையினர் விரைவிலேயே கண்டுகொண்டனர். லாயல் எட்மண்டன் படையணியினரும் சீஃபோர்த் ஹைலாண்டர்களும் அங்குக் கையாண்ட வழிக்கு 'எலிவளை முறை' என்று பெயர். வீடுகள் சுவரைப் பகிர்ந்து நிற்பவை ஆதலால், பிடித்த வீட்டின் மேல்மாடியில் அடுத்த வீட்டைத் தொட்டு நிற்கும் சுவருக்கு வெடிவைப்பர். வெடிக்கும் வரை கீழ்த்தளத்தில் பதுங்கியிருப்பர். சுவர் பிளந்து புழுதி அடங்குமுன் அந்தத் துளை வழியே கையெறி குண்டுகளை வீசி உள்ளே பாய்வர். பின்னர் மேலிருந்து கீழாக ஒவ்வோர் அறையாகத் துழாவிக்கொண்டு இறங்குவர். மேலேயிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. படிகளில் ஏறிச் செல்பவன்மேல் குண்டை உருட்டிவிடுதல் எளிது. கீழிருந்து மேலே எறியும் குண்டோ திரும்பி எறிந்தவனிடமே வந்துவிடும். இவ்வாறு தெருவில் காலடி வைக்காமலேயே ஒரு வரிசை வீடுகள் முழுவதையும் கடந்து செல்ல முடிந்தது. டாங்கியெதிர்ப்புப் பீரங்கிகளைத் தெருவின் முனைக்குக் கொண்டுவந்து சுவர்களைத் துளைக்கவும் செய்தனர்.

பராசூட் படையினர் வீடுகளை எளிதில் விட்டுக்கொடுத்தாரல்லர். தாம் விலகிய வீட்டில் பொறிவெடிகளை வைத்துச் சென்றனர். வேறு துளைகள் வழியே பின்னால் வந்து, கைவிட்ட வீட்டை இரவில் மீண்டும் கைப்பற்றினர். டிசம்பர் 27ஆம் நாள் கனடிய வீரர் இருபதுக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்த கட்டடம் ஒன்று, முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்த வெடியால் தகர்ந்தது. பெரும்பாலோர் மாண்டனர். இடிபாடுகளுக்குள் மூன்று நாட்களுக்கும் மேலாகப் புதையுண்டு கிடந்த ஒருவர் உயிருடன் மீட்கப்பட்டார். கனடியர்களும் ஜெர்மானியர் தங்கியிருந்த கட்டடம் ஒன்றை வெடிவைத்துத் தகர்த்துப் பழிதீர்த்தனர். வீட்டைப் பிடிப்பதற்கென்று தொடங்கிய சண்டை, வீட்டோடு மனிதரைப் புதைப்பதில் வந்து நின்றது.

சேற்றின் நடுவே ஒரு சிற்றூர்

இவை ஓர்த்தோனாவில் நிகழ்ந்துகொண்டிருந்த அதே நாட்களில், தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த வில்லா கிராந்தேயை எட்டாவது இந்திய டிவிஷனின் 19ஆம் பிரிகேடு தாக்கியது. இன்று அச்சிற்றூர் ஓர்த்தோனா நகராட்சியின் எல்லைக்குள்ளேயே அடங்கியுள்ளது. பெயரில் 'கிராந்தே', அதாவது 'பெரிய' என்னும் சொல் இருப்பினும், அது சில தெருக்களும் பண்ணை வீடுகளும் கொண்ட உழவர் குடியிருப்பே. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் நின்றன. மழையால் கால் புதையும் சேறு அந்நிலமெங்கும் படிந்திருந்தது.

இங்கும் எதிர்த்து நின்றவர்கள் பராசூட் படையினரே. பிரிகேடின் ஆங்கிலேயப் பட்டாலியனாகிய எசெக்ஸ் படையணி முதலில் தாக்கியது. திறந்த வெளியைக் கடந்து வருவோரை வீடுகளிலிருந்து சுடுதல் எளிது. ஆகவே முதல் தாக்குதலில் ஊரின் உட்பகுதியை எட்ட இயலவில்லை. பின்னர் ஊரின் விளிம்பில் சில வீடுகளைப் பிடித்து அங்கிருந்து ஒவ்வொரு வீடாக முன்னேறினர். 8ஆம் பஞ்சாப் படையணியின் பட்டாலியனும் தாக்குதலில் இணைந்தது. ஊரின் ஒரு பாதி இவர்கள் கையிலும் மறுபாதி அவர்கள் கையிலுமாக நாட்கள் கழிந்தன.

நகரத்துத் தெருச்சண்டைக்கும் சிற்றூர்த் தெருச்சண்டைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இங்குக் கருதுதல் வேண்டும். நகரத்தில் வீடுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் சுவரைத் துளைத்துச் செல்லும் வழி இருந்தது. சிற்றூரிலோ ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே முற்றமும் தொழுவமும் தோட்டமும் கிடந்தன. ஒவ்வொரு முறையும் அந்த வெளியைக் கடந்தாக வேண்டும். சேறு டாங்கிகளைத் தடுத்தது. காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் வழியும் அதே சேற்றின் ஊடே சென்றது. வீடுகள் நெருங்கியிராமையால் பீரங்கிக் குண்டுகளின் முழு வலிமையும் தனித்தனி வீடுகளின்மேல் விழுந்தது. சண்டை முடிந்தபோது ஊர் என்று சொல்லத்தக்கதாக அங்கு எஞ்சியிருந்தது மிகச் சிறிதே.

டிசம்பர் 27ஆம் நாள் இரவோடு இரவாக ஓர்த்தோனாவிலிருந்து ஜெர்மானியர் வெளியேறினர். 28ஆம் நாள் வில்லா கிராந்தேயும் வீழ்ந்தது. ஒன்றை விட்டபின் மற்றொன்றில் நிலைத்து நிற்பதில் அவர்களுக்குப் பயனில்லை. அந்த வாரத்தின் நடுவே கிறிஸ்துமஸ் வந்தது. அதன் முடிவில் ஹிஜ்ரி 1363ஆம் ஆண்டின் முஹர்ரம் பிறை தோன்றியது. ஓர்த்தோனாவின் தேவாலயம் ஒன்றில் சீஃபோர்த் வீரர்கள் முறைவைத்து வந்து கிறிஸ்துமஸ் விருந்துண்டு மீண்டும் களத்திற்குத் திரும்பிய நிகழ்ச்சி நூல்களில் பலமுறை விவரிக்கப்பட்டுள்ளது. சில கிலோமீட்டர் அப்பால், அதே வாரத்தில் புத்தாண்டைச் சேற்றில் எதிர்கொண்ட முஸ்லிம் சிப்பாய்களைப் பற்றி அந்நூல்கள் ஏதும் கூறுவதில்லை.

யாருக்கு வேண்டியிருந்தது இந்த ஊர்?

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். இத்தாலியில் ஜெர்மானியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த கெஸ்ஸல்ரிங், கிறிஸ்துமஸ் நாளன்று தம் கீழிருந்த படைத்தளபதியோடு உரையாடுகையில், ஓர்த்தோனாவை இறுதிவரை காப்பது தம் நோக்கமன்று என்றும், ஆங்கிலேயர்தாம் அதனை உரோமுக்கு இணையானதாக ஆக்கிவிட்டனர் என்றும் கருத்துப்படக் கூறியுள்ளார். கனடிய வானொலிச் செய்தியாளர் மாத்யூ ஹால்ட்டன் உள்ளிட்டோர் அனுப்பிய செய்திகளால் அவ்வூரின் பெயர் நாள்தோறும் உலகெங்கும் ஒலித்தது. இன்ன ஊரில் இன்னார் நிலைத்து நிற்கின்றனர் என்று உலகம் பேசத் தொடங்கியபின், அதை விட்டு விலகுவது தோல்வியாகிவிடுகிறது. தாக்குவோர்க்கும் அவ்வாறே.

மாண்ட்கோமரியின் திட்டமோ அதற்கு முன்னரே தளர்ந்துவிட்டது. நியூஸிலாந்துப் படையினர் ஒர்சோன்யா என்னும் ஊரைப் பன்முறை தாக்கியும் பிடிக்க இயலவில்லை. மழையும் பனியும் மிகுந்தன. ஓர்த்தோனா வீழ்ந்ததும் எட்டாவது இராணுவத்தின் முன்னேற்றம் அவ்வட்டாரத்திலேயே நின்றது. பெஸ்காராவை அவர்கள் அக்குளிர்காலத்தில் எட்டவில்லை. மாண்ட்கோமரி ஆண்டு முடிவதற்குள் வேறு பொறுப்பேற்க இங்கிலாந்து சென்றுவிட்டார். நேசநாட்டுப் படைகள் உரோமில் நுழைந்தது 1944 ஜூன் 4ஆம் நாள். அதுவும் கிழக்குக் கரை வழியாக அன்று. மேற்கே கஸ்ஸீனோ, அன்ஸியோ வழியாக. எனவே ஓர்த்தோனாவையும் வில்லா கிராந்தேயையும் பிடித்ததால் உரோமுக்குப் பாதை திறக்கவில்லை என்பது தெளிவு.

ஆயின் இச்சண்டைகள் முற்றிலும் வீண் என்று கூறிவிடலாமா? அவ்வாறு கூறுதலும் முழு உண்மையாகாது. இத்தாலியில் கட்டுண்டு கிடந்த ஜெர்மானியப் படைகள் வேறு களங்களுக்குச் செல்ல இயலவில்லை. நாஜிக் கொடுங்கோன்மை வீழ்ந்ததில் இக்களத்திற்கும் பங்குண்டு. நாம் கூறவருவது வேறு. குறிப்பிட்ட ஓர் ஊரின் குறிப்பிட்ட தெருவைப் பிடித்தாக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அதன் விலையைச் செலுத்தவில்லை. செலுத்தியவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

விலையைச் செலுத்தியவர்கள்

ஓர்த்தோனாவின் தெருச்சண்டையில் நூற்றுக்கும் மேற்பட்ட கனடியர் உயிரிழந்தனர். மோரோ ஆற்றங்கரையிலிருந்து தொடங்கிய சண்டைகளையும் சேர்த்தால் அவ்வெண்ணிக்கை பல மடங்காகும். ஊருக்குத் தெற்கேயுள்ள மோரோ ஆற்றுக் கனடியப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 1,615 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். ஆனால் அவ்வூரின் குடிமக்களில் இறந்தோர் 1,300க்கும் மேற்பட்டோர். போரிட்டவர்களைக் காட்டிலும், போருக்குத் தொடர்பில்லாதவர்களே அங்கு மிகுதியாக மாண்டனர். ஜெர்மானியர் மக்களில் ஒரு பகுதியினரை முன்னரே வெளியேற்றியிருந்தனர். எஞ்சியோர் வீடுகளின் நிலவறைகளிலும் சுரங்கப் பாதைகளிலும் ஒடுங்கிக் கிடந்தனர். தம் தலைக்கு மேலே தம் வீட்டின் அறைகளுக்காக இரு அயல்நாட்டுப் படைகள் பொருதுவதைக் கேட்டுக்கொண்டு, எந்தச் சுவர் எப்போது விழுமோ என்று காத்திருந்தனர். அவர்களுடைய மன்னர் அதே ஊரின் துறைமுகத்திலிருந்து பாதுகாப்பாகக் கப்பலேறிச் சென்று நான்கு திங்கள்கூட ஆகவில்லை.

இந்தியச் சிப்பாய்களின் நினைவிடம் சற்றுத் தெற்கே, சாங்க்ரோ ஆற்றுப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. 2,600க்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட இடம் அது. முஸ்லிம் வீரர்களின் மீஸான் கற்களின்மேல் 'ஹுவல் கஃபூர்', அதாவது 'அவனே மன்னிப்பவன்' என்னும் அறபுத் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள தனி நினைவுச் சின்னத்தில் இடம்பெற்றுள்ளன. அடக்கத்தில் வேறுபட்டவர்கள் ஒரே வளாகத்தில் நினைக்கப்படுகின்றனர்.

இத்தாலிப் போர்க்களத்தில் இந்தியப் படையினர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். மதராஸ் பொறியியற் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24ஆம் நாள் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தார். வெடி ஒன்று வெடிக்கப்போவதை உணர்ந்த அவர், உடனிருந்தோரைக் காக்க அதன்மேல் தம் உடலைக் கிடத்தி உயிர்நீத்தார். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. வில்லா கிராந்தேயைத் தாக்கிய அதே 19ஆம் பிரிகேடைச் சேர்ந்த சிப்பாய் அலி ஹைதர், 1945 ஏப்ரல் 9ஆம் நாள் செனியோ ஆற்றைக் கடந்து, காயமுற்ற நிலையிலும் பகைவரின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளைக் கைப்பற்றி விக்டோரியா சிலுவை பெற்றார். அதே நாளில் அதே ஆற்றங்கரையில் அதே சிறப்பைப் பெற்ற மற்றொருவர் மராட்டிய வீரர் நாம்தேவ் ஜாதவ்.

அலி ஹைதரும் நாம்தேவ் ஜாதவும் இரண்டே ஆண்டுகளில் இரு நாட்டவராயினர். 1947இல் இந்தியப் படை பிரிக்கப்பட்டபோது எல்லைப்புறப் படையணிகளும் 8ஆம் பஞ்சாபும் பாகிஸ்தானுக்குச் சென்றன. 5ஆம் கூர்க்காவும் மராட்டியப் படையணியும் இந்தியாவிடம் இருந்தன. மொத்ஸக்ரோன்யாவின் தெருக்களில் ஒரே இரவில் போரிட்ட இரு பட்டாலியன்கள் எல்லைக்கு இருபுறமும் நின்றன. வில்லா கிராந்தே மறக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். கனடாவுக்கு ஓர்த்தோனா தன் நாட்டின் போர். அதனை நினைவுகூர ஒரு நாடு முழுவதும் இருந்தது. வில்லா கிராந்தேயில் போரிட்ட படையோ மறைந்துபோன ஓர் அரசின் படை. இங்கிலாந்து அதனைத் தன் பெருங்கதையின் ஓர் அடிக்குறிப்பாக்கியது. இந்தியாவும் பாகிஸ்தானும் அதனைக் குடியேற்ற ஆட்சியின் எச்சமாகவே நெடுங்காலம் கருதின. 2023இல் இத்தாலியின் மொந்தோனே நகரில், விக்டோரியா சிலுவை பெற்ற யஷ்வந்த் காட்கேயின் பெயரால் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது போன்ற முயற்சிகள் அண்மைக் காலத்தவையே.

நினைவின் கணக்கு

ஓர்த்தோனா மக்கள் தம் ஊரைக் கட்டியெழுப்பினர். புனித தோமா பேராலயம் 1949இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், முன்பு ஒருவரையொருவர் கொல்ல முயன்ற கனடிய, ஜெர்மானிய முதியவர்கள் அவ்வூரில் ஒரே மேசையில் அமர்ந்து உணவருந்தினர். மறு ஆண்டில் பேராலயத்தின் முன் நிறுவப்பட்ட சிற்பத்தில், வீழ்ந்து கிடக்கும் தோழனருகே ஒரு வீரன் மண்டியிட்டிருக்கிறான். அதன் பெயர் 'அமைதியின் விலை'. பெயர் பொருத்தமானதே. ஆயின் அந்த விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர்கள் சீருடை அணியாதவர்கள் என்பதையும் அதன் முன் நிற்போர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தெருச்சண்டைக் கலை அந்த வாரத்தோடு முடிந்துவிடவில்லை. ஓர்த்தோனாவில் கற்ற பாடங்களைப் படைத்துறையினர் தொகுத்துப் பயிற்றுவித்தனர். சுவரைத் துளைத்து வீட்டுக்கு வீடு செல்லும் முறை அதற்குப் பின்னரும் பல நாடுகளின் நகரங்களில் கையாளப்பட்டது. 2002ஆம் ஆண்டில் நாப்லூஸ் நகரின் பழைய குடியிருப்புகளிலும் அகதிகள் முகாமிலும் இஸ்ரேலியப் படையினர் வீடுகளின் உட்சுவர்களைத் தகர்த்து முன்னேறியபோது, அங்கு வாழ்ந்த குடும்பங்கள் தம் கூடத்தின் சுவர் பிளந்து படைவீரர் நுழைவதைக் கண்டனர். முறை மாறவில்லை. அதன் எதிரே நின்ற வீட்டாரின் நிலையும் மாறவில்லை.

போர்க்கலை பயில்வோர் ஓர்த்தோனாவில் நுணுக்கத்தைக் காண்கின்றனர். வீரத்தைப் போற்றுவோர் அங்கு வீரத்தைக் காண்கின்றனர். இரண்டும் அங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் வரலாறு எழுதுவோர் மூன்றாவது கணக்கொன்றையும் எழுதியாக வேண்டும். துளையிடப்பட்ட சுவர் யாருடையது, அதன் கீழிருந்த நிலவறையில் யார் இருந்தனர், அந்தச் சுவரைக் கடந்தவன் எந்த ஊரிலிருந்து யாருடைய ஆணையால் வந்தான் என்னும் கணக்கு அது. ஓர்த்தோனாவுக்கு அதில் ஒரு பகுதி எழுதப்பட்டுவிட்டது. வில்லா கிராந்தேக்கு அது இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. கல்லறைத் தோட்டங்களில் பெயர்கள் காத்திருக்கின்றன. பஞ்சாபிலும் எல்லைப்புறத்திலும் மராட்டியத்திலும் தமிழகத்திலும் அப்பெயர்களுக்குரிய ஊர்கள் இருக்கின்றன. அவற்றை இணைத்துப் பார்க்கும் பணி, எல்லைக்கு இருபுறமும் உள்ள ஆய்வாளர்களின் பொதுக்கடன் என்பது நம் துணிபு.